தளவாய் வைத்த முத்திரை

முன்னொரு காலத்தில், அரசன் சிரித்த பிறகே மற்றவர்கள் சிரிக்கலாம் என்றிருந்த ஒரு நாட்டில், அரண்மனைச் சேவலுக்கு வெறி பிடித்தது. கோழிகளின் முதுகைக் கிழித்தது. அரசனின் செல்ல வெள்ளைக் கோழியைக் கால்முள்ளால் குத்தியே கொன்றது. அதற்காகக் கோழிக்காரனின் தலையை வாங்கினார்கள். அரசனின் சண்டைச் சேவல் என்பதால் அதன்மீது ஒருவரும் கைவைக்கவில்லை.

செத்தவனின் மனைவி சடைச்சிக்கு அந்த வேலையைக் கொடுக்கும்படி விகடகவி வெண்காடன் கெஞ்சினான். அவனைக் கண்டாலே எரிச்சல்படும் படைத்தலைவரான தளவாய், அரசன் காதில் எதையோ ஓதினார்.

"வேலையை அவளுக்கே தருகிறேன். ஆனால் சேவலைத் தனியே பூட்டுங்கள். வேறு சேவலும் வரக்கூடாது. ஆனாலும் ஒரு மாதத்தில் அதன் குஞ்சுகள் என்முன் ஓட வேண்டும். தவறினால் உன் தலையும் அவள் தலையும் போகும்" என்றான் அரசன்.

வெண்காடன் சடைச்சியிடம் ஓடினான்.

"சேவல் இல்லாம குஞ்சு பொரிக்குமா தாயி?"

"பொரிக்காது சாமி. ஆனா பிரிச்சு அடைச்ச பொறவும் ஒரு வாரம் இடுற முட்டை பொரிக்கும். கோழி வளக்குற எல்லாருக்கும் தெரியுமே!"

"இங்க ஒருத்தருக்கும் தெரியாது. வாயத் தெறக்காத."

சபைக்குத் திரும்பிக் கைகூப்பினான். "அரசே, தளவாய்க்கு என்மேல் சந்தேகம் வரக்கூடாது. பழைய முட்டைகளை அவரே உடைக்கட்டும். சேவல் கூண்டைப் பூட்டி அவரே முத்திரை வைக்கட்டும்."

தளவாய் ஒன்றுவிடாமல் மிதித்து உடைத்தார்.

ஒரு வாரத்து முட்டைகளைச் சேர்த்து அடை வைத்தாள் சடைச்சி. வெண்காடனுக்குச் சோறு இறங்கவில்லை. அடை வைத்த இருபதாம் நாள் ஒரு முட்டையைக் காதில் வைத்துப் பார்த்தான். உள்ளே கீச்சென்றது. அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

சபையில் குஞ்சுகள் ஓடின. "மோசடி! யாரோ சேவலைத் திறந்துவிட்டிருக்கிறார்கள்!" என்று கத்தினார் தளவாய்.

"முத்திரை உடைந்திருந்தால் காவல் தவறியவர் தாங்கள். உடையவில்லை என்றால் உத்தரவு நிறைவேறிவிட்டது. எது என்று தாங்களே சொல்லுங்கள்" என்றான் வெண்காடன்.

தளவாய் முணுமுணுத்தார்: "முத்திரை... சரியாகத்தான் இருக்கிறது."

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். தன் பொற்சங்கிலியைக் கழற்றி வெண்காடன் கழுத்தில் போட்டான். "இன்னும் என்ன வேண்டும்?"

"வாரம் ஒருநாள் மட்டும் சேவலைக் கோழிகளோடு விட வேண்டும். விடுமுன் அதன் கால்முள்ளை அரத்தால் மழுக்க வேண்டும். மழுக்கும்போது சேவலைத் தளவாய் இறுக்கிப் பிடித்துக்கொள்ளட்டும்."

மறுபடியும் சிரிப்பு. சடைச்சி மட்டும் சிரிக்கவில்லை.

"முள்ள மழுக்கிக்கிறேன்னுதான் எம் புருஷனும் இதே எடத்துல நின்னு கேட்டாரு சாமி. அன்னைக்கும் எல்லாரும் இப்படித்தான் சிரிச்சாங்க" என்றாள்.

வெண்காடன் சங்கிலியைக் கழற்றி அவள் கையில் வைத்தான். அன்றைக்குச் சிரித்தவர்களில் அவனும் ஒருவன்.