பம்பின் மேல் ஒரு குடம்

அன்று கள்ளிப்பொட்டலில் இருந்தவர்கள் இவர்கள்: மடத்து இருளாயி அம்மா. அவருடைய சீடரும் தண்ணீர் லாரியின் டிரைவருமான கோட்டைச்சாமி. குடங்களோடு வரிசையில் நின்ற ஒன்பது பெண்கள். அவர்களில் கடைசியாக நின்றவள் பேச்சி. வேலமர நிழலில் குந்தியிருந்த கிழவர்கள் இரண்டு பேர். ஆகப் பதின்மூன்று பேர். ஒரு நாயும் இருந்தது. அதற்கும் தாகம் உண்டு, ஆனாலும் கணக்கில் சேரவில்லை.

அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. சீடர் அவரைவிடப் பதினான்கு வயது மூத்தவர். அதனால் குரு சீடரை அண்ணே என்று கூப்பிட்டார்; சீடர் குருவை அம்மா என்று கூப்பிட்டார். மொட்டை அடித்துக் காவி கட்டுவதற்கு முன்னால் இருளாயி அம்மா ஒரு லாரி மெக்கானிக்கின் மனைவியாக இருந்தவர். வண்டிக்கு அடியில் படுத்திருந்த புருஷனுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தே பாதி ஆயுள் போயிற்று என்பார்.

மழை பொய்த்து அது இரண்டாவது வருஷம். மடத்துக் கிணற்றில் மட்டும் ஊற்று இருந்தது. காலையில் லாரியில் நிரப்பிக்கொண்டு போய் மூன்று ஊர்களுக்குக் கொடுப்பார்கள். கள்ளிப்பொட்டல் இரண்டாவது ஊர். கடைசி ஊர் ஆவாரங்காடு. அங்கே நாலு வீடுகள்தான் மிச்சம். மற்றவர்கள் செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள். அந்த நாலில் ஒன்று கோட்டைச்சாமியின் மகள் பொன்னுத்தாயின் வீடு.

அந்த வாரம் லாரி வழியிலேயே நின்றுபோனதால் ஆவாரங்காட்டுக்கு இரண்டு நாள் தண்ணீர் போகவில்லை. மூன்றாவது நாளும் வராவிட்டால் சூளைக்காரனின் வேனில் ஏறிவிடுவது என்று நாலு வீட்டாரும் பேசி முடித்தார்கள். வேன் உச்சிப் பொழுதுக்கு வரும். முந்தின நாள் சாயங்காலம் கோட்டைச்சாமி நடந்தே போய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். சூளைக்குப் போனவர்கள் யாரும் கடன் தீர்ந்து திரும்பியதில்லை, உச்சிக்கு முன்னால் தண்ணீர் வந்து நிற்கும், அதுவரை பொறு என்றார். வந்தால் இருக்கிறோம் என்று பொன்னுத்தாயும் சொன்னாள்.

லாரியின் நோய் இதுதான். காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பும். சூடான பிறகு நின்றால் கிளம்பாது. பொழுது சாய்ந்து இரும்பு ஆற வேண்டும். அதனால் கோட்டைச்சாமி எந்த ஊரிலும் எஞ்சினை நிறுத்துவதில்லை. கடைசிக் குடம் நிரம்பும்வரை அது உறுமிக்கொண்டே நிற்கும்.

கோட்டைச்சாமிக்கு ஒரு கேள்வி இருந்தது. தை மாதம் மனைவியை எரித்துவிட்டு வந்த மறுநாளே லாரியில் ஏறியவர் அவர். ஒருநாள் அம்மாவிடம் கேட்டுவிட்டார்.

"ஓடுற வரைக்கும் ஒண்ணும் தெரியலம்மா. உக்காந்துட்டா எந்திரிக்க முடியல. எனக்கு என்னம்மா?"

பார்க்கலாம் என்று மட்டும் அம்மா சொன்னார். மாசக்கணக்கில் அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

லாரிக்கு என்னவென்று பார்க்க அன்று அவரும் கூட வந்திருந்தார். கள்ளிப்பொட்டலுக்குள் நுழையும்போது அந்த நாய் சக்கரத்துக்கு முன்னால் பாய்ந்தது. கோட்டைச்சாமி பிரேக்கை மிதித்தார். கிளச்சிலிருந்து கால் நழுவியது. எஞ்சின் நின்றுவிட்டது.

பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்க, அவர் செல்ஃப் அடித்துப் பார்த்தார். கிளம்பவில்லை. எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள். கிழவர்களும் வந்து கை வைத்தார்கள். மணலில் லாரி ஒரு முழம் நகர்ந்து நின்றது.

அம்மா பானட்டைத் தூக்கச் சொன்னார். செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறதா என்று கேட்டார். சுற்றுகிறது என்றார் கோட்டைச்சாமி. புகைக்குழாயில் புகை வருகிறதா என்று பேச்சியைப் பார்க்கச் சொன்னார். குனிந்து பார்த்த பேச்சி, பீடி அளவுக்குக்கூட வரவில்லை என்றாள்.

"அப்ப டீசல் போய்ச் சேரல. ஒரு குடம் தண்ணி குடுங்கண்ணே."

"எதுக்கும்மா?"

"டீசல் பம்ப் மேல ஊத்தணும்."

கோட்டைச்சாமிக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. தொட்டியில் மிச்சம் சரியாக நாற்பது குடம். ஆவாரங்காட்டின் நாலு வீட்டுக்கும் தலா பத்து. நாக்கு வறண்டு கிடக்கிற வீட்டின் தண்ணீரை இரும்புக்கு ஊற்றுவதா? முடியாது என்று குருவிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. காற்று அடித்தால் ஆறிவிடும், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றார்.

அம்மா மறுத்துப் பேசவில்லை. லாரியின் படியில் உட்கார்ந்துகொண்டார்.

காற்று அடிக்கவில்லை. வேலமரத்து நிழல் சுருங்கிச் சுருங்கி மரத்தடிக்கே வந்தது. கோட்டைச்சாமி விசிறி மட்டை கொண்டு எஞ்சினுக்கு விசிறினார். கிழவர்களில் ஒருவர், மாமியாருக்குக்கூட இப்படி யாரும் விசிறியதில்லை என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா இன்னொரு தடவை கேட்டார். கோட்டைச்சாமி தலையை ஆட்டினார், தர மாட்டேன் என்று.

கடைசியில் பேச்சிதான் தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"டிரைவரண்ணே, நீங்க கணக்கப் பாருங்க. நாங்க வண்டியப் பாக்குறோம். இந்தாங்கம்மா."

அம்மா கோணிச் சாக்கைப் பம்பைச் சுற்றிப் போர்த்தினார். பச்சைப் பிள்ளைக்குத் தலை குளிப்பாட்டுவதுபோல, ஒரு கையால் தடவிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஆவி எழுந்தது. பிறகு அடங்கியது. குடம் காலியானதும், இப்போது அடியுங்கள் என்றார்.

சாவியைத் திருப்பியதும் லாரி கிளம்பியது.

பேச்சியின் குடத்தை நிரப்பிக் கொடுக்கக் கோட்டைச்சாமி இறங்கினார். அவள் வாங்கவில்லை. நாளைக்கு இரண்டாகக் கொடுங்கள், இப்போது போங்கள் என்று விரட்டினாள்.

வழியில் அவருக்கு மனம் துள்ளியது. ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"மருந்து கண்டுபிடிச்சிட்டீங்கம்மா."

"மருந்து இல்லண்ணே. நாடி பாத்தேன்."

"நாடி என்ன சொல்லுது?"

"பம்ப் உள்ள தேஞ்சு போச்சு."

அம்மா மெதுவாக விளக்கினார். குளிர்ந்த டீசல் கொஞ்சம் கனமாக இருக்கும், தேய்ந்த இடத்திலும் பிடித்து நின்று வேலை செய்யும். சூடானால் இளகி, தேய்மானத்தின் வழியே நழுவிவிடும். தண்ணீர் ஊற்றினால் அந்த நேரத்துக்குக் கிளம்பும். நாள் போகப்போக ஒரு குடம் இரண்டாகும். பிறகு எத்தனை ஊற்றினாலும் கேட்காது. வேறு பம்ப் போட மடத்தில் வழியில்லை.

"அப்ப ஓடிக்கிட்டு இருக்கும்போது மட்டும் எப்படிம்மா நல்லா ஓடுது?"

"ஓடுற வேகத்துல தேய்மானம் தெரியாதுண்ணே. நின்னு கிளம்பும்போதுதான் தெரியும்."

கோட்டைச்சாமி ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தார்.

ஆவாரங்காட்டில் பாதையோரமாக நாலு கற்கள் வரிசையாக இருந்தன. தண்ணீர் வரும் நாளில் வீட்டுக்கு ஒரு கல்லாக வரிசைக்குப் போட்டு வைப்பது அந்த ஊர் வழக்கம். லாரிச் சத்தம் கேட்டதும் கல்லுக்குப் பக்கத்தில் குடங்கள் வந்துவிடும். அன்று சத்தம் கேட்டும் குடம் வரவில்லை.

நாலாவது வீட்டிலிருந்து சின்னாண்டி கோலை ஊன்றிக்கொண்டு வந்தார். மனைவி மக்கள் இல்லாதவர். அவருடைய காலைப் பார்த்துவிட்டு, செங்கல்லுக்கு மண் மிதிக்க ஆகாது என்று வேன்காரன் விட்டுவிட்டுப் போயிருந்தான். மற்ற மூன்று வீட்டிலும் சேர்த்துப் பத்துப் பேர் ஏறிவிட்டார்கள். எந்தச் சூளை, எந்த ஊர் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை.

"ஹாரன் அடிச்சும் ஒம்ம மக ஏறலய்யா. தூசி தெரியுதா தெரியுதான்னு ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னா. பிள்ளை தண்ணிக்கு அழுதுச்சு. வேன்ல ஒரு பாட்டில் இருந்துச்சு. காமிச்சாங்க. ஏறிட்டா."

எப்போது என்று கோட்டைச்சாமி கேட்டார். இப்போதுதான், ஒரு உலை கொதிக்கிற நேரம்கூட இருக்காது என்றார் சின்னாண்டி.

சின்னாண்டியிடம் இரண்டு குடங்கள் இருந்தன. கோட்டைச்சாமி இரண்டையும் நிரப்பி, சிந்தாமல் தூக்கிப் போய் அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார். குழாயை இறுக்கி மூடினார். மூடிய பிறகும் கையை எடுக்கவில்லை. பின்னால் எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது.

"நீங்க அதட்டிச் சொல்லியிருக்கலாமேம்மா."

"ரெண்டு தடவ கேட்டேனேண்ணே."

கோட்டைச்சாமி லாரியைச் சுற்றி நடந்தார். டயரைத் தட்டிப் பார்த்தார். ஏற்கெனவே மூடியிருந்த குழாயை மறுபடி இறுக்கினார். பிறகு கதவைத் திறந்து ஒரு காலைப் படியில் வைத்தார்.

"போவோம்மா."

"எங்க?"

அவருக்குத் தெரியவில்லை.

அம்மா வரிசையில் மூன்றாவதாகக் கிடந்த கல்லின் மேல் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த கல்லைக் கையால் துடைத்தார்.

"வண்டிய ஆஃப் பண்ணிட்டு வந்து உக்காருங்கண்ணே."

கோட்டைச்சாமியின் கை சாவி வரைக்கும் போய் அங்கேயே நின்றது.

"நிறுத்தினா கிளம்பாதேம்மா."

அம்மா தண்ணீர்த் தொட்டியை நிமிர்ந்து பார்த்தார்.

"முப்பத்தெட்டுக் குடம் இருக்குண்ணே."