பரிசலில் பவ்யம்

பரிசல்காரன் செங்கோடன் நிமிர்ந்து நின்றபடியே, "ஏறுங்க சாமி" என்றான். அவ்வளவுதான், ஊரையே ஆட்டிவைக்கும் மிட்டாதாரின் பிரம்பு அவன் முதுகில் விழுந்தது.

"பவ்யம்னா என்னன்னு தெரியாதாடா உனக்கு?"

"சொல்லுங்க சாமி, தெரிஞ்சுக்கிறேன்."

"உன் மனசுல என்ன இருக்குன்னு யாருடா கேட்டா? வெளியில தெரியணும். முதுகு வளையணும், கண்ணு தரையைப் பார்க்கணும், ரெண்டு கையும் வாயைப் பொத்தணும். அக்கரை போய்ச் சேர்ற வரைக்கும் அப்படியே இருக்கணும். இல்லேன்னா நாளைக்கு இந்தத் துறையில வேற ஆளு!"

"ஆகட்டும் சாமி."

நட்டாற்றுக்கு வந்ததும் செங்கோடன் துடுப்பைக் கீழே வைத்தான். முதுகை வளைத்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். பரிசல் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டே பாறையை நோக்கிப் போனது.

"துடுப்பை எடுடா பாவி!"

செங்கோடன் அசையவில்லை. மிட்டாதார் பிரம்பை ஆற்றில் போட்டுவிட்டு, குனிந்து இரண்டு கையையும் கூப்பினார்.

"உன்னைக் கும்பிடுறேம்ப்பா, எடுப்பா!"

கரையில் நின்ற சனம் மொத்தமும் அதைப் பார்த்தது. செங்கோடன் துடுப்பை எடுத்தான்.

"நீங்க கும்பிட்டது என்னை இல்ல, இந்தத் துடுப்பை. ஊரே உங்க முன்னால குனியுதே, அதுவும் உங்களுக்கில்ல, அந்தப் பிரம்புக்கு. அது இப்ப ஆத்தோட போயிருச்சு."