கரடி ராயப்பனின் உபயக் கல்

மூங்கில்பாறைக் காட்டு விலங்குகளுக்கு ஒரு மாதா கோயில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூமி குலுங்கியது. கோயில் பொலபொலவென்று சரிந்தது. நல்லவேளை, பூசை முடிந்து எல்லாரும் கஞ்சி குடிக்கப் போயிருந்தார்கள்.

கரடி ராயப்பனுக்குத்தான் பெரிய கவலை. அடுத்த மாதம் அவன் மகள் செசிலியாவுக்குக் கல்யாணம். அதற்குள் கோயில் எழும்பாவிட்டால் தவக்காலம் வந்துவிடும். தவக்காலத்தில் தாலி கட்டமாட்டார்கள். மரத்தடியில் கட்ட மாப்பிள்ளை வீட்டார் ஒப்பவில்லை. தவக்காலம் முடிந்து வரும் பாஸ்குத் திருநாள் வரை காத்திருக்கவும் அவர்களுக்குப் பொறுமை கிடையாது.

“வீட்டுக்கொரு கல் கொண்டுவாருங்கள்!” என்றார் பங்குச் சாமியார் கொக்கு.

எல்லாரும் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கோயிலுக்கு எது கொடுத்தாலும் ‘உபயம்’ என்று பெயர் எழுதித்தான் கொடுப்பார்கள். முயல் வீட்டார் ஒரு மெழுகுவர்த்தி கொடுத்தார்கள். எரிந்தால் பெயர் போய்விடுமே என்று அதை ஏற்றவே விடவில்லை!

ராயப்பன் கொண்டுவந்ததுதான் இருப்பதிலேயே பெரிய கல். அதில் தன் பெயர், தகப்பன் பெயர், தேனடை எடுப்பதில் வாங்கிய பட்டம் எல்லாவற்றையும் வெட்டியிருந்தான்.

கொத்தனார் உடும்பு சூசை அதைத் தட்டிப் பார்த்தார். “அருமையான கல்! அஸ்திவாரத்தில் போட்டால் நூறு வருஷம் அசையாது!”

“என் பெயரைப் புதைக்கவா பார்க்கிறீர்? வாசலில் வையும்!”

“அப்படியானால் முயலின் கல்லைப் போடட்டுமா?”

“ஐயையோ! போன வாரம்தான் வெட்டினோம்!” என்று முயல் குதித்தது.

“எங்கள் கல் கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும்!” என்றது குரங்கு.

“யார் கண்ணுக்கு நேரே?” என்று யானை கேட்டது. அந்தச் சண்டையிலேயே ஒரு நாள் போனது.

கடைசியில் அஸ்திவாரப் பள்ளத்தில் மண்ணை அள்ளிப் போட்டு மூடினார்கள். சூசை தலையில் அடித்துக்கொண்டே சுவரை எழுப்பினார். எழும்பிய சுவரின் முன்னால் நின்று, அவரவர் பெயரை அவரவரே படித்து மகிழ்ந்தார்கள்.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்தது. பூமி மறுபடி லேசாகச் சிலிர்த்தது. குடத்துத் தண்ணீர்கூடச் சிந்தவில்லை. ஆனால் கோயில் சுவர்கள் தொப்பென்று விழுந்தன!

ராயப்பன் மூச்சிரைக்க ஓடிவந்தான். அவன் கல் மட்டும் மல்லாந்து கிடந்தது. அதன்மேல் செசிலியா உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

“உங்கள் பெயர் நன்றாகத்தான் தெரிகிறது, அப்பா! எனக்குக் கோயில்தான் இல்லை!”

ராயப்பனை வெட்கம் பிடுங்கித் தின்றது. பள்ளத்து மண்ணை இரண்டு கையாலும் வாரி எறிந்தான். கல்லைக் கட்டித் தூக்கி உள்ளே இறக்கினான்.

“பெயர் மேலே இருக்கட்டுமா?” என்று சூசை கேட்டார்.

“வேண்டாம், வெட்டின பக்கம் மேடும் பள்ளமுமாக இருக்கும். குப்புறப் போடும்!”

குரங்கு வாயைப் பிளந்தது. “கரடியாரே போட்டுவிட்டார், நமக்கென்ன?” என்று தன் கல்லை உருட்டியது. முயலும் யானையும் பின்னாலேயே வந்தன. எட்டே நாளில் கோயில் எழும்பியது. சுவரில் மிச்சமிருந்த பெயர்களைச் சுண்ணாம்பு மூடிவிட்டது.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஊர்வலத்தில் ஆறு யானைகள் வாசலில் குத்தாட்டம் போட்டன. தரை அதிர்ந்தது. சுவரிலிருந்து ஒரு தூசிகூட உதிரவில்லை. செசிலியாவின் கழுத்தில் தாலி ஏறியது.

“பலமான கோயில்தான், சம்பந்தி!” என்றார் மாப்பிள்ளையின் அப்பா. “ஆமாம், பெரிய கல் கொடுத்ததாகச் சொன்னீர்களே! உங்கள் பெயரை எங்குமே காணோமே?”

ராயப்பனின் நாக்கு துறுதுறுத்தது. கால் தானாகத் தரையைத் தட்டப் போனது. அடக்கிக்கொண்டான்.

“அது இருக்கிற இடத்தில் இருக்கிறது, சம்பந்தி! வாருங்கள், பாயசம் ஆறுகிறது!”

நாலு பேர் கண்ணில் படாத இடத்தில் பாரம் தாங்க ஆள் இருந்தால்தான், நாலு பேர் கூடுகிற இடம் நிலைத்து நிற்கும்.