பானைக்கு அடியில் ஒரு தடம்

இந்தக் கதையைக் குணசீலன் இருபத்தெட்டு வருடங்களாக முழுதாக நம்பவில்லை. நம்பாமலேயே வகுப்பு வகுப்பாகச் சொல்லிக்கொண்டு வந்தார். காவலர் பயிற்சிப் பள்ளியில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் பாடம் அவருடையது. போலீஸ் வருவதற்கு முன்னால் ஊரை யார் காத்தார்கள் என்பது பாடம். இந்தக் கதையில்தான் அதைத் தொடங்குவார்.

அவருக்கு இதைச் சொன்னவர் ஏட்டு சந்தியாகு. அப்போது குணசீலனுக்கு இருபத்தாறு வயது. சப் இன்ஸ்பெக்டராகிக் கரட்டுப்பட்டி ஸ்டேஷனுக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. சந்தியாகு ஐம்பதைத் தாண்டியவர். 'ஐயா' என்று கூப்பிட்டது சந்தியாகு. கற்றுக்கொண்டது ஐயா.

அன்றைக்கு மத்தியானம் ஸ்டேஷன் பெஞ்சில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். தெருத்தெருவாக அம்மி கொத்துகிறவன். மூன்று நாளைக்கு முன்னால் ஒரு தோட்டத்து மோட்டார் காணாமல் போயிருந்தது. ரூம் பூட்டை உளி வைத்து உடைத்திருந்தார்கள். தோட்டக்காரர் செல்வாக்கான மனிதர். டி.எஸ்.பி. ஆபீஸிலிருந்து காலையில் ஒரு போன், மாலையில் ஒரு போன்.

பெஞ்சில் இருந்தவனின் பையில் இரண்டு உளிகளும் ஒரு சுத்தியலும் இருந்தன.

"இதுக்கு மேல என்ன வேணும் ஏட்டையா? வேற யாரு உளியும் சுத்தியலுமா ஊருக்குள்ள திரியிறான்?"

"ஆசாரி இருக்காரு. கொல்லர் இருக்காரு. நம்ம ஜீப்புலகூட ஒரு சுத்தியல் கெடக்குங்கய்யா."

"நக்கலா?"

"இல்லைங்கய்யா. கெடக்குன்னேன்."

பெஞ்சில் இருந்தவன் தலையைத் தூக்கினான். "அம்மி கொத்துறவன் உளி இல்லாம என்னத்தைச் சாமி கொத்துவான்?" என்றான். பாராக்காரர் அதட்டியதும் மறுபடியும் குனிந்துகொண்டான்.

குணசீலன் நாற்காலியை ஏட்டின் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இத்தனை வருஷமா இந்த வேலையில இருக்கீங்க. ஒருத்தனைப் பார்த்ததும் இவன்தான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? அதை மட்டும் எனக்குச் சொல்லிக் குடுங்க. வேற எதுவும் வேண்டாம்."

சந்தியாகு பேனாவை மூடி வைத்தார். சொல்லத் தொடங்கினார்.

ஸ்டேஷனும் லாக்கப்பும் இல்லாத காலம் அது. ஊருக்கு ஒரு காவல்காரன் இருந்தான். களவு போனால் தடம் பார்த்துத் திருடனைப் பிடிக்க வேண்டியது அவன் பொறுப்பு. மூன்று நாளில் பிடிக்க முடியாவிட்டால், போன பொருளுக்கு ஈடாகத் தன் பொருளைக் கொடுத்துவிட வேண்டும். மாடு போனால் தன் மாடு. யாரும் கேட்டு வாங்கமாட்டார்கள். அவனே கொண்டுபோய்க் கட்டுவான். அதற்குப் பேர்தான் காவல்.

மாயழகு அப்படி ஏழு ஊருக்குத் தடம் பார்த்தவன். அவனிடம் தொழில் கற்க வந்தவன் தவசி. மாமனார் இறந்ததால் ஓர் ஊர்க் காவல் தவசி கைக்கு வந்திருந்தது. சீடன் ஆசானைவிடப் பத்து வயது மூத்தவன். அதனால் ஆசான் சீடனை "அண்ணே" என்பான். சீடன் "ஆசானே" என்பான். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள்.

மாயழகு அவனுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது பானை கவிழ்ப்பதை. களவு போன இடத்துக்குப் போனதும் ஒரு நல்ல தடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். காற்றும் ஆடும் கோழியும் அழிக்காதபடி அதன்மேல் ஒரு பானையைக் கவிழ்க்க வேண்டும். சாயங்காலம் ஊர் கூடியதும் பானையை எடுத்துவிட்டு, சந்தேகப்பட்ட ஆளை அந்தத் தடத்தின் மேல் கால் வைக்கச் சொல்வார்கள். பொருந்தினால் அவனுடைய பெருவிரலை வெட்டிவிடுவார்கள். அந்தப் பக்கத்து வழக்கம் அது.

ஒருநாள் விடியும்போது ஒரு வீட்டில் கூக்குரல் கேட்டது. கொட்டத்தில் கட்டியிருந்த உழவுமாடு இல்லை. தவசி கம்பை எடுத்துக்கொண்டு ஓடினான். அவன் பொறுப்பில் வந்த முதல் களவு அது. அவனிடம் இருந்ததே இரண்டு மாடுகள். ஒன்று போனால் இன்னொன்றை வைத்து உழ முடியாது.

கொட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். வேலியை ஒட்டி, தண்ணீர்த்தொட்டி வழிந்த ஈரத்தில், ஒரு தடம் வெட்டி வைத்தது மாதிரி இருந்தது. வலது கால். பெரிய கால். தவசி வீட்டுக்குள் குரல் கொடுத்து, பானை ஒன்றை வாங்கிக் கவிழ்த்தான்.

பக்கத்து ஊரிலிருந்து மாயழகு வந்து சேர்வதற்குள் ஊரே கொட்டத்துக்குள் நின்றது. மண்ணில் ஒரு சாண்கூட மிதிபடாமல் மிஞ்சவில்லை. பானை மட்டும் இருந்தது.

மாயழகு உட்கார்ந்து பானையை ஓரமாகத் தூக்கிப் பார்த்தான். மறுபடியும் கவிழ்த்தான்.

"எப்படி ஆசானே?"

"நல்ல தடம்ணே" என்றான் மாயழகு.

அன்றைக்கு ஊர் எல்லையில் ஓர் உப்புக்காரன் தங்கியிருந்தான். இரண்டு கழுதைகளில் பொதி ஏற்றிக்கொண்டு கடற்கரையிலிருந்து வந்தவன். அவன் காலும் பெரிது. தவசி அவனை இழுத்துவந்து சாவடிக்கு முன்னால் ஒரு தூணில் கட்டினான்.

"நான் கழுதைக்காரன்யா. மாட்டைத் தூக்கிட்டுப் போயி அது மேல உப்பா ஏத்துவேன்?" என்றான் அவன்.

ஊர் சிரித்தது. "கழுதைகிட்டே கேட்டுட்டு வா" என்று ஒருவன் சொன்னான். இன்னும் சிரித்தார்கள். ஆனால் யாரும் அவிழ்க்கவில்லை. வெயில் ஏறியது. கட்டு கட்டாகவே இருந்தது.

சாயங்காலம் காட்டுக்குப் போனவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஊர் கூடியது. கொட்டத்துக்கு நடந்தார்கள். தவசியே பானையை எடுத்தான். தடம் அப்படியே இருந்தது. உப்புக்காரனின் கட்டை அவிழ்த்து, இரண்டு பேர் பிடித்துக் கொண்டுவந்தார்கள்.

"கொஞ்சம் இருங்க" என்றான் மாயழகு. "தவசிண்ணே, மொதல்ல நீங்க வைங்க."

"நான் எதுக்கு? நான் காவல்காரன்."

"காவல்காரனுக்குக் கால் இல்லையா?"

மறுபடியும் சிரிப்பு. தவசியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே வலது காலைத் தடத்தின் மேல் வைத்தான்.

குதிகாலில் இருந்த வெடிப்பு தடத்திலும் இருந்தது. கட்டைவிரலை விட்டு ஒதுங்கி நின்ற அடுத்த விரல் தடத்திலும் ஒதுங்கி நின்றது. அவன் காலை எடுத்தான். மறுபடியும் வைத்தான். அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. விடியலில் கூக்குரல் கேட்டு ஓடிவந்தவன் வாசல் வழியாக வரவில்லை. வேலியைத் தாண்டிக் குதித்திருந்தான்.

சிரிப்பு நின்றுவிட்டது. பிடித்திருந்த இரண்டு பேரும் கையை விட்டார்கள். உப்புக்காரன் கழுதைகளைத் தேடிப் போனான்.

எல்லாரும் கலைந்த பிறகு தவசி கேட்டான். "உங்களுக்கு எப்பத் தெரியும் ஆசானே?"

"பானையைத் தூக்கினப்பவே. உங்களுக்குப் பின்னாலதானே நான் தினமும் நடக்கிறேன்."

"காலையிலயேவா? அப்பவே சொல்லியிருக்கலாமே. அந்த ஆளு பகல் முழுக்க வெயில்ல நின்னானே."

மாயழகு பானையை எடுத்து, விளிம்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான்.

"காலையில சொல்லியிருந்தா அவனை அவிழ்த்து விட்டுட்டு, கட்டுறதுக்கு இன்னொருத்தனைத் தேடியிருப்பீங்க."

திருடன் கடைசிவரை கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் தவசி தன் மாடுகளில் ஒன்றை ஓட்டிப் போய் அந்தக் கொட்டத்தில் கட்டிவிட்டு வந்தான். அதற்குப் பிறகு அந்த ஏழு ஊரிலும், யாருடைய காலை அளப்பதானாலும், காவல்காரன் முதலில் தன் காலை வைக்க வேண்டும் என்று ஆயிற்று.

சந்தியாகு இவ்வளவுதான் சொன்னார். மறுபடியும் பேனாவைத் திறந்தார். பெஞ்சில் இருந்தவனும் கதையைக் கேட்டிருந்தான். அவன் எழுந்து நின்றிருந்தான். யாரும் அவனை எழச் சொல்லவில்லை.

குணசீலனும் அவனைப் பார்த்தார். போன் அடித்தது. எடுத்தார். "யெஸ் சார். யெஸ் சார். ஆள் இருக்கான் சார்" என்றார். வைத்தார்.

"கதை நல்லா இருக்கு ஏட்டையா. கேஸை எழுதுங்க."

"ஐயா..."

"எழுதுங்க."

சந்தியாகு எழுதினார். அன்று சாயங்காலமே அம்மி கொத்துகிறவன் ரிமாண்டில் போனான். ஜாமீன் எடுக்க ஆள் இல்லை. நாற்பது நாள் கழித்து மோட்டார் கிடைத்தது. தோட்டக்காரரின் மச்சான் வீட்டு வைக்கோற்போருக்குள் இருந்தது. குடும்பத் தகராறு. காகிதங்கள் நகர்ந்து அந்த ஆள் வெளியே வர இன்னும் மூன்று மாதம் பிடித்தது. அதற்குள் குணசீலன் வேறு ஸ்டேஷனுக்கு மாற்றலாகிவிட்டார்.

வகுப்பில் கதையைச் சொல்லும்போது அவர் பெஞ்சைச் சொல்வதில்லை. மாயழகிலிருந்து தொடங்கி மாட்டைக் கட்டுவதோடு முடித்துவிடுவார். நல்ல கதை என்பதால் பையன்களும் பெண்களும் அமைதியாகக் கேட்பார்கள்.

ஆனால் அவருக்குச் சந்தேகம் இருந்தது. ஒருவனுக்குத் தன் தடமே தெரியாமல் போகுமா? மழை பெய்த மறுநாள் பரேட் மைதானத்தில் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வெறுங்காலில் நடந்து பார்த்தார். திரும்பி வந்து பார்த்தபோது தன் தடத்தை அவரால் எடுத்துச் சொல்ல முடியவில்லை. அந்தச் சந்தேகம் தீர்ந்தது. இன்னொன்று தீரவில்லை. எல்லாம் தெரிந்தவன், ஒருவன் வெயிலில் நிற்பதைப் பகல் முழுவதும் பார்த்துக்கொண்டு இருப்பானா? இருந்தால் அவன் என்ன ஆசான்? சந்தியாகு எங்கேயோ தவறாகச் சொல்லியிருக்கிறார், அல்லது அவரே கட்டியிருக்கிறார். கட்டிய கதை என்றால் அதற்குக் காது கொடுக்காமல் போனதில் தப்பு ஒன்றும் இல்லை. இப்படித்தான் பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தார்.

போன ஆவணியில் வந்த வகுப்பில் ஜெயக்கொடி என்று ஒரு பெண். கதை முடிந்ததும் கையைத் தூக்கினாள்.

"ஐயா, அந்த உப்புக்காரர் பேரு?"

"எதுக்கும்மா?"

"நோட்டுல எழுதிட்டிருக்கேன்யா. மாயழகு, தவசின்னு போட்டுட்டேன். அவருக்கு மட்டும் எடம் காலியா இருக்கு."

வகுப்பில் யாரோ சிரித்தார்கள்.

"கதையில பேர் இல்லம்மா."

"மத்த ரெண்டு பேருக்கும் இருக்கேய்யா."

குணசீலன் வகுப்பைப் பத்து நிமிடம் முன்பே விட்டார். நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உளிகள் நினைவுக்கு வந்தன. ஒன்றின் தலை பூப்போல விரிந்திருந்தது. பெஞ்சில் இருந்தவன் கட்டியிருந்த கட்டம் போட்ட லுங்கி நினைவுக்கு வந்தது. சாமி என்று கூப்பிட்ட குரல்கூட வந்தது. அதற்குமேல் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டுக்கு பஸ் ஏறினார். சந்தியாகு மகள் வீட்டில் இருந்தார். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். முறத்தில் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்க ஏட்டையா. நான் இப்ப உங்களுக்கு ஐயா இல்லை."

"பழகிப்போச்சுங்கய்யா. கடலை சாப்பிடுறீங்களா?"

இருவரும் கொஞ்ச நேரம் கடலை உடைத்தார்கள். சந்தியாகுதான் முதலில் பேசினார்.

"மாயழகுன்னு ஒருத்தன் நெசமாவே இருந்தானான்னு கேக்க வந்தீங்களா? முன்னாடியே ரெண்டு தடவை லெட்டர்ல கேட்டீங்க."

"இல்லை."

"பகல் முழுக்க ஏன் சும்மா இருந்தான்னா?"

"அதுவும் இல்லை."

சந்தியாகு கையில் இருந்த தோலை முறத்தில் போட்டார். காத்திருந்தார்.

"அந்த எஃப்.ஐ.ஆர். எழுதினது உங்க கை" என்றார் குணசீலன். "நான் சொன்னேன், நீங்க எழுதினீங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்னைக்கு நம்ம பெஞ்சுல உட்கார்ந்திருந்தாரே ஏட்டையா... அவர் பேர் என்ன?"