செவலை விழுங்கிய மஞ்சள் மணிகள்

அந்தக் காலத்தில், கோழியும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, முட்டை கோழியின் வயிற்றில் உண்டாகவில்லை. கோழி வெளியே போய், மூன்று இடங்களில் கேட்டு வாங்கிவந்து, கூட்டில் வைத்துத்தான் முட்டையைச் சேர்க்க வேண்டும்.

முதலில் கிழக்கு மலைக்குப் போய்ச் சூரியனிடம் ஒரு மஞ்சள் மணி வாங்க வேண்டும். அது சோளமணி அளவுதான் இருக்கும். கூட்டில் வைத்தால் உப்பி மஞ்சள் கருவாகிவிடும். அடுத்து, மலையடிவாரத்தில் படுத்திருக்கும் மேகத்திடம் ஒரு சிரட்டை வெள்ளைக் கரு. கடைசியாகக் குளத்து நத்தையிடம், மேலே பூச ஓட்டுத் தூள். நத்தை எதையும் நிதானமாகத்தான் செய்யும். அது தூளை அரைத்துக் கொடுப்பதற்குள் பகலில் பாதி போய்விடும்.

முட்டையிடும் பருவத்துக்கு வந்த இளங்கோழியை விடைக்கோழி என்பார்கள். முதல் தடவை போகும் விடைக்கோழியோடு அதன் தாய் கூடவே நடக்கும். "மஞ்சளுக்கு அப்புறம் வெள்ளை, வெள்ளைக்கு அப்புறம் ஓடு. வழியில் எதையும் கொத்தாதே" என்று சொல்லிக்கொண்டே போகும். அதனால் யாருக்கும் வரிசை தப்பியதில்லை. ஒரு முட்டையைப் பார்த்தால் எல்லா முட்டையையும் பார்த்த மாதிரி இருக்கும்.

சடைச்சி என்ற பெண்ணின் வீட்டில் செவலை என்றொரு விடைக்கோழி இருந்தது. அதற்குப் பருவம் வந்த நேரத்தில் அதன் தாய் கருப்பி அடையில் உட்கார்ந்துவிட்டது. எழுந்தால் முட்டைகள் ஆறிப்போகும். அம்மா எழும்பட்டும் என்று செவலை காத்திருந்தது.

ஒருநாள் காலையில் சடைச்சி வாசலுக்கு வந்தாள். "நாளைக்கு மத்தியானம் புது மாப்பிள்ளை விருந்துக்கு வர்றாரு. குழம்புக்கு ஒரு கோழி வேணும். முட்டை தர்றதை அறுக்க மனசு வரலை. ஏ செவலை, நீ மட்டும்தான் இன்னும் ஒண்ணும் தரலை."

செவலைக்குக் கழுத்து இறகு சிலிர்த்தது. "நாளைக்குள்ளே தர்றேன் ஆத்தா!" என்று சொல்லிவிட்டு மலையைப் பார்த்து ஓடியது.

"யாரது, தனியாக வருவது? உன் அம்மா எங்கே?" என்றது சூரியன்.

"அடையில் இருக்கிறாள். எனக்கே வரிசை தெரியும்."

"தெரிந்தால் சரி." சூரியன் மஞ்சள் மணியைப் பூவரச இலையில் மடித்துக் கொடுத்தது.

செவலை இலையை அலகில் கவ்விக்கொண்டு இறங்கியது. பாதி வழியில் ஒரு கறையான் புற்று உடைந்து கிடந்தது. காலையிலிருந்து பட்டினி. இலையைக் கீழே வைத்து ஒரு கொத்துக் கொத்தியது. இன்னொரு கொத்து. இலை விரிந்தது. பக்கத்தில் உருண்டையாக, மஞ்சளாக ஒன்று கிடந்தால் எந்தக் கோழியின் அலகுதான் சும்மா இருக்கும்? கறையானோடு மணியும் உள்ளே போய்விட்டது.

செவலை திரும்பவும் மலையேறியது. "மணி உருண்டு பள்ளத்தில் விழுந்துவிட்டது" என்று சூரியனிடம் பொய் சொன்னது.

"இதையாவது ஒழுங்காகக் கொண்டு போ" என்று சூரியன் இன்னொரு மணி கொடுத்தது.

இறங்கி வரும்போதுதான் செவலை அதைக் கவனித்தது. விழுங்கிய மணி வயிற்றில் வெதுவெதுப்பாக இருந்தது. கூட்டில் உப்புவதுபோல உள்ளேயும் மெல்ல உப்பியது. செவலை நின்று யோசித்தது. 'கூட்டில் வளர்வது வயிற்றில் ஏன் வளராது? அலகில் தூக்கவும் வேண்டாம், கீழே விழவும் விழாது. உள்ளே போனால் என்னதான் ஆகும்?'

இந்தக் கேள்வி வந்த பிறகு அதனால் பொறுக்க முடியவில்லை. இரண்டாவது மணியை இலையிலிருந்து எடுத்தது. இந்தத் தடவை தெரிந்தே விழுங்கியது.

அடிவாரத்தில் மேகம், "சிரட்டை எங்கே?" என்று கேட்டது.

"வாயைத் திறக்கிறேன், ஊற்று."

"குடித்துவிட்டால் முட்டைக்கு என்ன செய்வாய்?"

"அதைத்தான் நானும் பார்க்க வேண்டும்!"

மேகம் சிரித்துக்கொண்டே ஊற்றியது. செவலை தலையைத் தூக்கி மடமடவென்று குடித்தது.

இரண்டு தடவை மலையேறியதில் பொழுது சாய்ந்திருந்தது. குளத்தங்கரையில் நத்தை கொம்பை நீட்டிப் பார்த்தது. "ஓடா? உட்கார்."

"சீக்கிரம் அண்ணே. இருட்டினால் எனக்குக் கண் தெரியாது."

"அவசரமாக அரைத்தால் ஓடு நெரிந்துவிடும். நீ வீட்டுக்குப் போ. அரைத்ததும் நானே கொண்டுவந்து தருகிறேன்."

நத்தை எப்போது வந்து சேரும் என்று கேட்கச் செவலைக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் விடிந்தபோது செவலைக்கு அடியில் ஏதோ ஒன்று கிடந்தது. சடைச்சி கையில் எடுத்தாள். சின்னதாக இருந்தது. விரலால் தொட்டால் அமுங்கியது.

"என்னடி இது, சட்டை போடாம வந்திருக்கு!" கிழித்துப் பார்த்தாள். வெறும் வெள்ளை. "மஞ்சளும் இல்லையே?"

"மஞ்சள் உள்ளே இருக்கு ஆத்தா."

"எதுக்குள்ளே?"

"எனக்குள்ளே."

சடைச்சி கோழியை ஏற இறங்கப் பார்த்தாள். "முடியலைன்னா முடியலைன்னு சொல்லு. கதை விடாதே." செவலையைப் பிடித்து மூங்கில் பஞ்சாரத்தால் கவிழ்த்து மூடினாள்.

அடையில் இருந்த கருப்பி அங்கிருந்தே கத்தியது. "அடி பாவி, விழுங்கினியா? எதுக்குடி விழுங்கினே?"

"உள்ளே போனால் என்ன ஆகும் என்று பார்த்தேன் அம்மா."

"என்ன ஆகும்? நீ குழம்பாவே!"

வெயில் ஏறியபோது நத்தை வாசலைக் கடந்து வந்தது. பஞ்சாரத்தின் சந்து வழியாக ஓட்டுத் தூளைத் தள்ளியது. அதைப் பூசக் கூட்டில் முட்டை எங்கே இருக்கிறது? செவலை அதையும் கொத்தித் தின்றது.

மத்தியானம் மாப்பிள்ளை வேலாண்டி வந்து சேர்ந்தான். "வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க" என்று உபசரித்துவிட்டுச் சடைச்சி கத்தியைத் தீட்டிக்கொண்டு பஞ்சாரத்தைத் தூக்கினாள். செவலை கண்ணை மூடிக்கொண்டு முக்கியது. பெரிய முட்டை ஒன்று மண்ணில் விழுந்தது. நீளமாக, கெட்டி ஓட்டோடு இருந்தது.

சடைச்சி கத்தியை வைத்துவிட்டு முட்டையைச் சட்டியில் உடைத்தாள். இரண்டு மஞ்சள் கரு பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன. அப்படி ஒன்றை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

வேலாண்டி எட்டிப் பார்த்தான். "அத்தை, இது எந்தக் கோழி போட்டது?"

"இந்தா நிக்குதே, இதுதான். உங்களுக்குத்தான் அறுக்கப் போறேன்."

"அறுத்துடாதீங்க! நாளைக்கு என்ன போடும்னு பார்க்கணும்."

"அப்போ குழம்புக்கு?"

"கத்தரிக்காய் போதும் அத்தை."

மேலே இருந்து சூரியனும் சட்டிக்குள் பார்த்தது. இரண்டு மணியும் அங்கே இருந்தன. "பள்ளத்தில் விழுந்தது என்றாயே, செவலை!"

செவலை தலையைத் தாழ்த்தியது. "ஆசையில் விழுங்கிவிட்டேன்."

"உள்ளே வைத்துக்கொள்ளத்தானே ஆசை? வைத்துக்கொள். இனி எந்தக் கோழியும் என்னிடம் வர வேண்டாம். பெட்டைக் குஞ்சு பிறக்கும்போதே அதன் வயிற்றில் ஒரு பிடி மணியைப் போட்டுவிடுகிறேன். உனக்கும் இப்போதே தருகிறேன். ஆனால் ஒன்று. வயிற்றுக்குள் கூட வந்து வரிசை சொல்ல எந்த அம்மாவாலும் முடியாது. அவரவர் தட்டுத்தடுமாறித்தான் பழக வேண்டும்."

மறுநாள் வேலாண்டி விடியும் முன்னே எழுந்து கூட்டில் கைவிட்டுப் பார்த்தான். ஒன்றும் இல்லை. சடைச்சி கத்தியைத் தேடினாள். "ஒரே ஒரு நாள் பொறுங்க அத்தை" என்றான். அடுத்த நாள் காடை முட்டை அளவில் ஒன்று கிடந்தது. அப்புறம் மறுபடியும் ஓடில்லாத தோல் முட்டை. பக்கத்து வீட்டார்கூட, "இன்னைக்கு என்ன போட்டுச்சு?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை ஊருக்குக் கிளம்புவதாகவே தெரியவில்லை. சடைச்சியின் தோட்டத்தில் கத்தரிக்காய் தீர்ந்து போயிற்று.

செவலை ஒவ்வொரு நாளும் கண்ணை மூடி உள்ளே கவனித்தது. மஞ்சள், வெள்ளை, ஓடு. மெல்ல மெல்ல வரிசை பிடிபட்டது. முட்டைகள் ஒன்றுபோல் வரத் தொடங்கியதும் வேலாண்டி மூட்டையைக் கட்டினான். அதற்குள் சடைச்சிக்கும் அதை அறுக்கும் எண்ணம் போயிருந்தது. நன்றாக முட்டையிடும் கோழியை யார் அறுப்பார்கள்?

அன்று முதல்தான் முட்டை கோழியின் வயிற்றுக்குள்ளேயே உண்டாகிறது. கோழி தண்ணீர் குடிக்கும்போது மேகத்தைப் பார்த்துத் தலையைத் தூக்குவதும், சுண்ணாம்புக் கல்லையும் நத்தை ஓட்டையும் தேடித் தின்பதும் அதனால்தான். விடைக்கோழி ஒருநாள் தோல் முட்டையிடும், ஒருநாள் இரட்டைக் கரு முட்டையிடும், ஒருநாள் ஒன்றுமே இடாது. அதற்காகக் கோழி வளர்க்கிறவர்கள் கோபப்படுவதில்லை. உள்ளே அது தனியாக வரிசை பழகிக்கொண்டிருக்கிறது என்று விட்டுவிட்டு, காலையில் கூட்டுக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்க்கிறார்கள்.