காரியண்ணன் வாங்கிச் சேர்த்த காடு

மலைகளுக்கு யாரும் பேர் வைக்காத காலம் அது. இரண்டு மலைக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. அங்கே காரியண்ணன் என்று ஒரு குடியானவர் இருந்தார். ஆள் நல்லவர்தான். ஆனால் அடுத்தவன் உழுது விதைக்கிற காட்டைப் பார்த்துவிட்டால் கண் அதைவிட்டு நகராது. என்ன செய்ய, சில பேருக்கு அப்படி ஒரு வியாதி!

அங்கே எல்லோருக்கும் கையகலக் காடுதான். கம்பு விதைப்பார்கள். கூலிக்கு ஆள் வைக்கிற பேச்சே கிடையாது, மாற்றாள்தான். இன்றைக்கு நீ என் காட்டில் களை எடுத்தால், நாளைக்கு நான் உன் காட்டில். புருஷன், பெண்டாட்டி, கிழடு கட்டை எல்லாம் காடே கதியென்று கிடப்பார்கள். ஒரு களை தலைதூக்காது. ஒரு குருவி கதிரில் உட்கார முடியாது. அதனால் கையகலக் காட்டிலும் தானியக் குதிர் நிறைய விளைந்தது.

முதலில் கிழக்கே இருந்த பூவன் காட்டை, ஒரு ஜோடி எருது கொடுத்து வாங்கினார் காரியண்ணன். பூவன் குடும்பம் எருதை ஓட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

அவர் மனைவி காளியாத்தாள் சொன்னாள்: “காடு வந்துருச்சுங்க. கை போயிருச்சே!”

“போனாப் போகுது புள்ள. கை எங்க வேணா கிடைக்கும், மண்ணு கிடைக்குமா?”

அடுத்து மேற்கே சடையன் காடு. பால்மாடுகளைக் கொடுத்தார். சடையன் குடும்பமும் மலை ஏறியது.

“காடு வந்துருச்சுங்க. கை போயிருச்சே!”

“சும்மா இரு புள்ள.”

மூன்றாவதாக ஓடைக்கரையில் ரங்கன் காடு. பட்டி ஆட்டை மொத்தமாகக் கொடுத்தார். ரங்கனும் போனான். காளியாத்தாள் அதையே சொன்னாள். இந்தத் தடவை அவர் காதிலேயே வாங்கவில்லை.

மழை பெய்தது, விதைத்தார். கம்பு முளைத்தது, கூடவே களையும் முளைத்தது. மிச்சமிருந்த குடும்பங்கள் மாற்றாளாக வந்து ஒரு நாள் களை எடுத்துக் கொடுத்தார்கள். அந்தக் கடனைத் தீர்க்க அவரும் மனைவியும் ஒவ்வொரு வீட்டுக் காட்டுக்கும் போய் வருவதற்குள், இங்கே களை இடுப்புக்கு வந்துவிட்டது. ஏதோ தப்பிப் பிழைத்த கம்புதான் கதிர் வாங்கியது.

அந்தக் கதிர் முற்றி நிற்கும்போது மலைமேல் மேகம் கருத்தது. காரியண்ணன் பக்கத்துக் காட்டில் அறுத்துக்கொண்டிருந்த மருதாத்தாளிடம் ஓடினார்.

“ஆத்தா, மழை இறங்குது. எல்லாரும் வந்து ஒரு கை குடுங்க. இது போச்சுன்னா வருசம் முச்சூடும் எனக்குக் கஞ்சி இல்லை.”

மருதாத்தாள் அரிவாளை நிறுத்தவில்லை. “வரக்கூடாதுன்னு இல்லீங்கண்ணா. எங்க கதிரும் நிக்குதுங்களே. பூவன் இருந்திருந்தா பூவன் காட்டை அவனே அறுத்திருப்பான். சடையன் காட்டைச் சடையன் அறுத்திருப்பான். இப்ப அத்தனை காட்டுக்கும் நீங்க ரெண்டு பேருதானுங்களே?”

அவள் குத்திக்காட்டிப் பேசவில்லை, உள்ளதைச் சொன்னாள். அதுதான் அவருக்குச் சுருக்கென்றது.

திரும்பி வந்து அரிவாளை எடுத்தார். காளியாத்தாளும் எடுத்தாள். இடுப்பு ஒடிய அறுத்தார்கள். அறுத்ததை வீடு சேர்ப்பதற்கும் மழை கொட்டுவதற்கும் சரியாக இருந்தது.

மழை விட்டபிறகு போய்ப் பார்த்தார். வாங்கின காடுகளில் கம்பு சாய்ந்து, கதிரிலேயே முளைவிட்டுக் கிடந்தது. அறுத்த அடித்தாள் ஒரு பழைய வரப்போடு நின்றுபோயிருந்தது. அந்த வரப்புக்கு இந்தப் பக்கம் அவர் அப்பா விட்டுப்போன காடு. இரண்டு பேர் கை அவ்வளவுதான் எட்டியிருந்தது.

காளியாத்தாள் பக்கத்தில் வந்து நின்றாள். வரப்பில் உட்கார்ந்து அழுதபடி காரியண்ணனே சொன்னார்: “காடு வந்துச்சு புள்ள. கை போயிருச்சு.”

மறுநாளே மலை ஏறினார். பூவன், சடையன், ரங்கன் மூன்று பேர் வீட்டு வாசலிலும் நின்று ஒன்றையே சொன்னார்: “உன் காடு உனக்கு. நான் குடுத்தது எதையும் திருப்பித் தர வேண்டாம். நீ வந்தாப் போதும்.”

“அப்ப எங்ககிட்ட என்னதானுங்க வேணும்?” என்று கேட்டான் பூவன்.

“மாற்றாள் வேணும்ப்பா.”

வந்தார்கள். அடுத்த வருஷம் அதே கையகலக் காட்டில் காரியண்ணனின் குதிர் நிறைந்தது. பூவன் குதிரும், சடையன் குதிரும், ரங்கன் குதிரும் நிறைந்தன.

கதை கேட்டவர்கள் மனதில் முடிந்துகொள்ளுங்கள்: உழைக்கிற கைகளை அனுப்பிவிட்டு மண்ணை மட்டும் சேர்க்கிறவனுக்கு, எவ்வளவு நிலம் இருந்தாலும் தன் இரண்டு கை எட்டும் அளவுக்குத்தான் விளைச்சல்.