மூணாம் ரூம் மீட்டர்

தூத்துக்குடியில் ஒரு மீன் குளிர்கிடங்கு. அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெனாசிருக்கு வயது இருபத்தேழு. அங்கேயே கேபிள் இழுத்துக்கொண்டிருந்துவிட்டு அவரிடம் தொழில் படிக்க வந்த கனிராஜுக்கு நாற்பத்தாறு. யார் குரு, யார் சீடர் என்பதில் மட்டும் இருவருக்கும் சண்டை வந்ததில்லை.

ஒரு நாள் காலை கனிராஜ் மூக்கு விடைக்க வந்து நின்றார்.

"மேடம், எருமை மேல மழை பெஞ்ச மாதிரி இருக்கிறவங்களுக்கு எப்படி எச்சரிக்கை அனுப்புறது?"

"யாரு எருமை?"

"ஜெஸ்லின் அம்மா."

ஜெஸ்லின் குளிர் அறைகளின் சூப்பர்வைசர். ஒவ்வொரு அறையிலும் குளிரைக் காட்டும் மீட்டர் உண்டு. அதன் கேபிள் சுவிட்ச் பெட்டியின் ஒரு போர்ட்டில், அதாவது ஒரு ஓட்டையில், மாட்டியிருக்கும். கேபிள் செத்தால் பெட்டி தன் லாக்கில், அதாவது பதிவேட்டில், ஒரு வரி எழுதும். அந்த வரியை அப்படியே ஜெஸ்லின் போனுக்குத் தள்ள ரூல் போட்டவர் கனிராஜ். நேற்று மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு வரி. ஜெஸ்லின் போன் சத்தத்தை அணைத்துவிட்டார்.

"நாலு மணிக்கு மேனேஜர்கிட்டப் பேசி இந்த மெசேஜையே மூடப்போறாங்களாம். மூடினா நான் மறுபடி ஏணி ஏறி கேபிள் இழுக்கணும். முட்டி ஒத்துக்காது மேடம்."

"கடைசியா என்ன அனுப்பினீங்க?"

கனிராஜ் போனைப் பார்த்துப் படித்தார். "எஸ்டபிள்யூ ரெண்டு, ஜிஐ ஒண்ணு சைபர் பதினாலு, லிங்க் டவுன். இப்பத்தான், பத்தேகாலுக்கு."

"அது எங்கே இருக்கோ அங்கே போய் நின்னுட்டு எனக்கு போன் போடுங்க."

"இது ஒரு வேலையா?"

"போங்க அண்ணாச்சி."

போனார். இரண்டாம் சுவிட்ச் மாடியிலா, பாக்கிங் ஹாலிலா? மாடி ஏறினார். இல்லை. இறங்கினார். பாக்கிங் ஹாலில் பெட்டியைத் திறந்தால் பதினாலாம் போர்ட்டில் ஒரு நீலக் கேபிள். மற்ற நாற்பதும் நீலம்தான். எல்லாம் ஒரே குழாய்க்குள் போயின. அவரே இழுத்தவை. எது எதற்கு என்று எழுதி ஒட்டச் சோம்பல்பட்டவரும் அவரே. குழாயை அண்ணாந்து பார்த்தபடி நடந்தார். கழுத்து வலித்தது. எல்லோரையும் மனசுக்குள் திட்டினார், பெனாசிரை இரண்டு தடவை.

குழாயின் ஒரு கிளை மூன்றாம் அறை வாசலில் இறங்கியது. அங்கே ஜெஸ்லின் பிய்ந்த கேபிளைக் கையில் பிடித்தபடி நின்றார். இறால் தள்ளுவண்டி இடித்திருக்கிறது. உள்ளே நாலு டன் இறால்.

"மெசேஜைப் பாத்தா வந்தீங்க?" என்றார் கனிராஜ்.

"அதை யாரு படிச்சா? ரவுண்ட்ஸ் வந்தேன், கண்ணுல பட்டுச்சு. நீரு அனுப்புனதுதானே, உமக்கே இவ்வளவு நேரமா?"

கனிராஜ் பெனாசிருக்கு போன் போட்டார்.

"நின்னுட்டேன்."

"எவ்வளவு நேரமாச்சு?"

"முப்பத்தஞ்சு நிமிஷம்."

பெனாசிர் போனை வைத்துவிட்டார்.

கேபிளைச் சரிசெய்துவிட்டு, எந்த போர்ட்டின் முனையில் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து எழுதினார். டீ நேரத்தில் பாக்கிங் ஹால் பெண்கள் அணைத்துப்போடும் பிரிண்டர்களை ரூலிலிருந்து தூக்கினார். வந்த வரிகளில் பாதிக்கு மேல் அதுகள்தான். பிறகு புது வாசகத்தைப் பெனாசிரிடம் நீட்டினார்: 'மூன்றாம் குளிர் அறை வெப்பமானியின் வலையமைப்பு இணைப்பு துண்டிக்கப்பட்டுள்ளது.'

பெனாசிர் அதைப் படிக்கக்கூட இல்லை.

"என்கிட்ட ஏன் காட்டுறீங்க? நானா ஓடப்போறேன்?"

கனிராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெஸ்லினிடம் போனார்.

"இது யாரு பேசுற தமிழு?" என்றார் ஜெஸ்லின். "'மூணாம் ரூம் மீட்டர் பேசல, போய்ப் பாரும்'னு போடும்வே."

எல்லா அறைக்கும் அப்படியே வேண்டா வெறுப்பாகப் போட்டார். போன் சத்தத்தை மட்டும் ஒரு மணி நேரம் வைக்கச் சொல்லிக் கெஞ்சிவிட்டு வந்தார்.

நாலேகாலுக்குப் பெனாசிர் முன்னால் வந்து நின்றபோதும் முகம் கடுகடுவென்றுதான் இருந்தது.

"சுவிட்ச் பேர் இல்ல, போர்ட் நம்பர் இல்ல. இந்த ஆறு மாசமா நான் படிச்ச எதுவுமே அதுல இல்ல. இதுக்குப் பேரு எச்சரிக்கையா மேடம்?"

"அனுப்பிப் பாத்தீங்களா?"

"பெட்டியில இருந்து அஞ்சாம் ரூம் கேபிளை யாருக்கும் சொல்லாம உருவினேன். அங்கிருந்து பாத்தா மேனேஜர் ரூம் தெரியும். ஜெஸ்லின் அம்மா உள்ள என்னைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தாங்க. போன் அடிச்சுது. பாத்தாங்க."

"பாத்துட்டு?"

"செருப்பைக்கூட மாட்டல. அப்படியே ஓடினாங்க. என்ன ஏதுன்னு தெரியாம மேனேஜரும் பின்னாலயே ஓடினார்."

"மூடுற பேச்சு?"

"பேச அங்க ஆளே இல்ல."

பெனாசிர் தன் திரைப் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீங்க படிச்சது பூரா அதுல இருக்கு, அண்ணாச்சி."